பபிள் ராப்பை நிறுத்தினால் போதுமா? ஆலைக்கு ஆலை போகும் சரக்கும் கார்பன் கணக்கும்

ஏற்றுமேடை எழுதியது:

வணக்கம். பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நடுத்தர ஆலையில் டிஸ்பாட்ச் என் பொறுப்பு. எங்களிடம் வாங்குபவர்கள் எல்லாம் ஆலைகளும் மொத்த விநியோகஸ்தர்களும்தான். வீட்டு வாசலுக்குப் போகும் பார்சல் ஒன்றுகூடக் கிடையாது.

போன வாரம் பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து ஓர் எக்செல் கோப்பு வந்தது. நாற்பது கேள்விகள். அதில் பதினேழாவது: "ஒவ்வொரு அனுப்புகையின் கார்பன் உமிழ்வு எவ்வளவு? குறைக்க என்ன திட்டம்?" எங்கள் மேலாளர் அன்று மாலையே முடிவெடுத்துவிட்டார். பபிள் ராப்பை நிறுத்து, காகிதத்துக்கு மாறு, பெட்டி மேல் ஒரு பச்சை இலை அச்சடி. முடிந்தது வேலை.

இலை மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் அதே வாரம்தான் 300 கிலோ வால்வு பாகங்களை விமானத்தில் ஏற்றினோம். கப்பலில் போயிருக்க வேண்டிய சரக்கு. பபிள் ராப் மாதம் 25 கிலோ செலவாகிறது. எதை முதலில் கையில் எடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுணுக்கம் எழுதியது:

ஏற்றுமேடை சார், கேள்வியிலேயே பதிலை வைத்திருக்கிறீர்கள். பெருக்கிப் பார்த்தால் போதும்.

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்துவதுதான் அலகு, டன்-கிமீ. பெரிய கன்டெய்னர் கப்பலில் அதற்குத் தோராயமாக 10 முதல் 20 கிராம் கார்பன்-டை-ஆக்சைடு. லாரியில் வண்டியின் அளவையும் லோடையும் பொறுத்து 50 முதல் 150 வரை. விமானத்தில் 500-க்குக் கீழே வருவது அபூர்வம். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு.

உங்கள் 300 கிலோ 8,000 கி.மீ. பறந்தது என்று வைத்துக்கொள்வோம். 600 கிராம் என்று போட்டால் 1,440 கிலோ. அதுவே கப்பலில் சுற்றிக்கொண்டு 12,000 கி.மீ. போயிருந்தாலும், 15 கிராம் கணக்கில் 54 கிலோதான். இனி பபிள் ராப்: ஒரு கிலோ பிளாஸ்டிக் ஃபிலிம் செய்ய இரண்டு மூன்று கிலோ வரை கார்பன்-டை-ஆக்சைடு வெளியாகும். மூன்று என்றே வைத்தாலும் மாதம் 75, வருஷத்துக்கு 900 கிலோ. ஆக, வருஷம் முழுக்கச் சுற்றிய பபிள் ராப்பை ஒரே ஒரு விமான பில் முழுங்கிவிட்டது.

காகிதத்துக்கு மாறினால் அந்த 900-ம் பூஜ்யம் ஆகிவிடாது. அதே பாதுகாப்புக்குக் காகிதம் எடை கூடுதலாகத் தேவைப்படும்.

சந்தேகப்பிராணி எழுதியது:

ஒரு குறுக்குக் கேள்வி. பயணிகள் விமானத்தின் வயிற்றில்தானே பாதிச் சரக்கு போகிறது? நம் 300 கிலோ ஏறாவிட்டாலும் விமானம் பறக்கத்தான் போகிறது. அப்புறம் எப்படி 1,440 கிலோவும் நம் தலையில்?

நுணுக்கம் எழுதியது:

பேருந்து எப்படியும் ஓடும், அதனால் நான் டிக்கெட் வாங்க வேண்டாம் என்பது போலத்தான். ஒரு தடத்தில் விமானம் விடலாமா, எவ்வளவு பெரியதை விடலாம் என்று நிறுவனம் முடிவு செய்யும்போது சரக்கு வருமானத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. உங்கள் 300 கிலோவும் அந்த முடிவுக்கு ஒரு ஓட்டு. ஒரே விமானத்தின் எரிபொருளைப் பயணிக்கும் சரக்குக்கும் எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதில் முறைக்கு முறை வித்தியாசம் உண்டு, அது உண்மை. அதனால் எண் கொஞ்சம் ஏறி இறங்கலாம். கப்பலுக்குச் சமமாக ஒருநாளும் வராது.

பெட்டிக்கணக்கு எழுதியது:

பேக்கேஜிங்கைப் பற்றிப் பேசினாலே பொருளைப் பற்றித்தான் பேசுகிறோம்: பிளாஸ்டிக்கா, காகிதமா, மட்குமா, மட்காதா. நான் முதலில் கேட்பது அளவுநாடாவை. ஏற்றுமேடை சார், உங்கள் பெட்டியின் வெளி அளவு என்ன? எந்த பேலட் (பெட்டிகளை அடுக்கும் தட்டு)?

ஏற்றுமேடை எழுதியது:

சார் இல்லை, மேடம். பரவாயில்லை, பழகிவிட்டது.

இப்போதுதான் கிடங்கில் போய் அளந்து வந்தேன். வெளி அளவு 420 × 310 மி.மீ. பேலட் 1200 × 1000. ஓர் அடுக்குக்கு எட்டு பெட்டி வைக்கிறோம். ஓரத்தில் இடம் மிஞ்சுகிறது, ஆனால் ஒன்பதாவது நுழையாது.

பெட்டிக்கணக்கு எழுதியது:

மன்னிக்கணும் மேடம். நீங்கள் சொன்ன அளவைப் பார்த்ததும் எனக்குக் கை அரிக்கிறது.

400 × 300 ஆக இருந்திருந்தால் அதே பேலட்டில் அடுக்குக்குப் பத்து உட்காரும். 400 பக்கத்தை 1200 ஓரமாக வைத்து மூன்று மூன்றாக இரண்டு வரிசை, ஆறு. மீதி 400 மி.மீ. பட்டையில் 300 பக்கத்தை வைத்து நான்கு. ஒரு விரற்கடை இடம் மிஞ்சாது. 1200 × 800 பேலட் என்றாலும் எட்டு அச்சாகப் பொருந்தும். அந்தப் பேலட்களுக்குப் பொருந்தும் அளவு என்பதால்தான் 400 × 300 இவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் நீளத்தில் 20, அகலத்தில் 10 மி.மீ. கூட வைத்ததால் அடுக்குக்கு இரண்டு பெட்டி போச்சு. நான்கு பேலட்டில் போகவேண்டியது ஐந்தில் போகிறது. நான்கு லாரி ஐந்தாகிறது என்றும் எழுதலாம், லாரியின் எடை வரம்பு முட்டாதவரை. அந்த 20 மி.மீ. பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஃபோம்தான். இரண்டு பக்கமும் 10 மி.மீ. குறைத்து, ஒரு பெட்டியை ஆறு முகத்திலும் கீழே போட்டுப் பாருங்கள். பாகம் தாங்கினால் வேலை முடிந்தது.

இன்னொன்று. செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்காதீர்கள். அட்டைப்பெட்டியின் பலம் நான்கு மூலையில்தான். மூலை மேல் மூலை உட்கார்ந்தால்தான் தாங்கும். செங்கல் அடுக்கில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். உடனே "பெட்டி நசுங்குகிறது, இன்னும் தடித்த அட்டை போடு" என்பார்கள். அடுக்கு சரியாக இருந்தால் மூன்று பிளை (மூன்று அடுக்கு) அட்டையே போதும் என்ற இடத்தில் ஐந்து பிளை ஓடிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவுக்கு அனுப்புபவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே 2025-இல் வந்த புதிய பேக்கேஜிங் ஒழுங்குமுறைப்படி, 2030 முதல் போக்குவரத்துப் பெட்டியில் காலி இடம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. பபிள் ராப், காற்றுப் பை, காகிதச் சுருள் எதை வைத்து அடைத்தாலும் அதுவும் காலி இடம்தான் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். உங்கள் மேலாளரிடம் இந்த வரியை மட்டும் காட்டுங்கள்.

பழைய ஓட்டுநர் எழுதியது:

இருபத்திரண்டு வருஷம் கனரக வண்டி ஓட்டியவன். இப்போது முதுகு விடவில்லை, அலுவலகத்தில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்புகிறேன்.

எல்லோரும் பெட்டிக்குள்ளே பார்க்கிறீர்கள். வண்டிக்குள்ளே எட்டிப் பாருங்கள். 20 டன் ஏற்றிய வண்டி 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 லிட்டர் குடிக்கும். ஐந்தே டன் ஏற்றினால்? ஏழரை லிட்டர் என்று நினைக்கும் கொள்முதல் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். 24 லிட்டர் குடிக்கும் அய்யா. காலி வண்டியே இருபதுக்கு மேல். வண்டி தன்னைத்தானே சுமக்க வேண்டாமா?

நுணுக்கம் எழுதியது:

அண்ணன் சொன்னதை எண்ணாக்கிவிடுகிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்கு கார்பன்-டை-ஆக்சைடு. 20 டன்னுக்கு 81 கிலோவை 2,000 டன்-கிமீயில் வகுத்தால் 40 கிராம். 5 டன்னுக்கு 65 கிலோவை 500-இல் வகுத்தால் 130. அதே வண்டி, அதே சாலை, அதே ஓட்டுநர். மூன்று மடங்கு. மின்சார லாரிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, லோடைச் சேர்த்தாலே இவ்வளவு கிடைக்கும்.

பழைய ஓட்டுநர் எழுதியது:

அதேதான். இதில் இன்னும் இரண்டு இருக்கிறது. திரும்பும்போது காலி. ஐரோப்பாவிலேயே லாரிகள் ஓடும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலியாகத்தான் என்று அவர்கள் புள்ளிவிவரமே சொல்கிறது. எதிர்த்திசையில் லோடு உள்ள இன்னொரு ஆலையைக் கண்டுபிடிப்பது தரகர் வேலை என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் சப்ளையரே அந்தப் பக்கம் இருக்கலாம். நீங்கள் சரக்கு இறக்கிய வண்டி அவரிடம் போய் உங்களுக்கான மூலப்பொருளை ஏற்றி வரலாம்.

இரண்டாவது, வாசலில் நிற்பது. ஒரு ஆலை வாசலில் ஆறு மணி நேரம் நின்றிருக்கிறேன், இறக்க ஆள் இல்லை என்று. வெயிலுக்கு ஏ.சி. வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் சும்மா போகும். அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே 'பசுமை வளாகம்' என்று பலகை. அன்று அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், வேறு படிக்க எதுவும் இல்லை.

சந்தேகப்பிராணி எழுதியது:

லோடைச் சேருங்கள் என்று சொல்வது சுலபம். எங்கள் வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவு தினமும் ஆர்டர் போடும், மறுநாள் வரவில்லை என்றால் அபராதம். அதே நிறுவனத்தின் சுற்றுச்சூழல் பிரிவு நாற்பது கேள்வி அனுப்பும். இரண்டு பேரும் ஒரே மாடியில் உட்கார்ந்திருந்தாலும் பேசிக்கொள்வதில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஏற்றுமேடை எழுதியது:

நூற்றுக்கு நூறு. எங்களுக்கும் இதே கதை.

அலைகடல் எழுதியது:

ஃப்ரைட் ஃபார்வர்டிங் (மற்றவர்கள் சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும்) தரப்பிலிருந்து ஒரு விஷயம். வண்டியை யார் பிடிக்கிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். எக்ஸ்-ஒர்க்ஸ் (வாங்குபவர் ஆலையிலேயே எடுத்துக்கொள்வது) அல்லது எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரை மட்டும் விற்பவர் பொறுப்பு) விலையில் விற்றால் பிரதானப் பயணத்தை முடிவு செய்பவர் வாங்குபவர். விமானமா, கப்பலா, எந்தக் கப்பல் என்பதெல்லாம் அவர் கையில். அப்போது "உங்கள் அனுப்புகையின் உமிழ்வைக் குறையுங்கள்" என்று உங்களைக் கேட்டால், சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு கதவைத் திற என்பது மாதிரி. விற்பவரே பயணக் கட்டணம் கொடுக்கும் சி.ஐ.எஃப்., டி.ஏ.பி. போன்றவற்றில்தான் தேர்வு உங்களுடையது. கார்பன் கணக்கிலும் யார் காசு கொடுத்தார் என்பதை வைத்து இரண்டு வெவ்வேறு வகையில் வரும்.

கப்பலைப் பற்றி ஒன்று. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் எஞ்சினுக்குத் தேவையான சக்தி கால்வாசிக்கும் மேல் குறையும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். பயண நாள் கூடுவதைக் கழித்தாலும், ஒரு பயணத்துக்கு எரிபொருள் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். புது எரிபொருள் எதுவும் வேண்டாம். சரக்கு இரண்டு மூன்று நாள் தாமதமாக வரும், அவ்வளவுதான். அந்த இரண்டு நாளைப் பொறுக்க மாட்டோம் என்பதால்தான் கப்பல் வேகமாக ஓடுகிறது.

சந்தேகப்பிராணி எழுதியது:

எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) கப்பல், மெத்தனால் கப்பல் என்கிறார்களே, அதெல்லாம்?

அலைகடல் எழுதியது:

மெத்தனாலில் ஓடும் கன்டெய்னர் கப்பல் 2023-இலேயே கடலில் இறங்கிவிட்டது. கேள்வி, அந்த மெத்தனால் எதிலிருந்து வந்தது என்பதுதான். இயற்கை எரிவாயுவில் இருந்து எடுத்த மெத்தனால் என்றால் பெரிதாக லாபம் இல்லை. எல்.என்.ஜி.யில் எஞ்சினில் எரியாமல் தப்பும் மீத்தேன் இருக்கிறது. 20 வருஷக் கணக்கில் அது கார்பன்-டை-ஆக்சைடைவிட 80 மடங்கு சூடேற்றும். கொஞ்சம் கசிந்தாலே ஆதாயம் கரைந்துவிடும். சர்வதேச கடல்சார் அமைப்பு 2023-இல் வைத்த இலக்கு 2050-ஐ ஒட்டி நிகரப் பூஜ்யம். ஆனால் அதை எட்டுவதற்கான கட்டண விதிமுறை மீதான வாக்கெடுப்பை 2025 அக்டோபரில் ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள். அதை நம்பி நாம் சும்மா இருக்க முடியாது.

திரும்பிவரும்தட்டு எழுதியது:

மடக்கு பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாறுங்கள் என்று யாரும் சொல்லவில்லையே? நாங்கள் இரண்டு வருஷமாக ஓட்டுகிறோம். நூறு தடவைக்கு மேல் போய் வந்த கிரேட்கூட இருக்கிறது.

பெட்டிக்கணக்கு எழுதியது:

தூரம் எவ்வளவு? காலி கிரேட் எதில் திரும்புகிறது?

திரும்பிவரும்தட்டு எழுதியது:

90 கிலோமீட்டர். தினமும் போகும் அதே வண்டியில் மடித்துத் திரும்பும்.

பெட்டிக்கணக்கு எழுதியது:

அப்படியென்றால் அருமை, சந்தேகமே இல்லை. இரண்டு ஆலைக்கு நடுவே, ஒரே பொருள், தினசரி ஓட்டம், திரும்பும் வண்டி காலி. கிரேட்டுக்கென்றே செய்த சூழ்நிலை. அதையே கடல் தாண்டி அனுப்பினால் பாதி கிரேட் ஆணி டப்பாவாகவும் செடித் தொட்டியாகவும் மாறி அங்கேயே குடியேறிவிடும். எத்தனை சுற்று வந்தால் அட்டையை மிஞ்சும் என்று கணக்குப் போடுவார்கள். காணாமல் போகும் கிரேட்டை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள்.

திரும்பிவரும்தட்டு எழுதியது:

செடித் தொட்டியை நானே பார்த்திருக்கிறேன். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

நுணுக்கம் எழுதியது:

மேடம், கணக்குப் போடும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்பவருக்கு ஐ.எஸ்.ஓ. 14083 என்று சொன்னால் புரியும். போக்குவரத்து உமிழ்வுக்கென்றே 2023-இல் வந்த தரநிலை. அதில் எனக்குப் பிடித்த விஷயம் தூரம். வண்டி உண்மையில் ஓடிய தூரத்தை வைத்து டன்-கிமீ போடக் கூடாது. இரு இடங்களுக்கு இடையில் சாத்தியமான மிகக் குறுகிய வழியையோ நேர்க்கோட்டுத் தூரத்தையோ வைத்துத்தான் போட வேண்டும். ஏன்? சுற்றிச் சுற்றிப் போனால் டன்-கிமீ வீங்கும், வகுத்துப் பார்க்கையில் கிராம் குறைந்த மாதிரி தெரியும். வீணாய்ச் சுற்றியவனுக்குப் பரிசு கிடைத்துவிடும். காலியாகத் திரும்பிய டீசலும், டீசலைத் தயாரிக்க ஆன உமிழ்வும் கணக்கில் சேர வேண்டும். நான் மேலே போட்டது எரிந்த டீசலை மட்டும், சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. படிவத்தில் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஏற்றுமேடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்து மூன்று மாத டிஸ்பாட்ச் பதிவேட்டைப் புரட்டினேன். விமானத்தில் போனது மட்டும் 11 தடவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "அவசரம், வாடிக்கையாளர் கேட்டது" என்று எழுதியிருக்கிறது. நானே எழுதியதும் இருக்கிறது.

ஒவ்வொரு கோப்பாக மின்னஞ்சலைத் தேடினேன். 11-இல் ஏழு, எங்கள் பரிசோதனைச் சான்றிதழ் தாமதமானதால். பாகம் தயாராகி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது, கையெழுத்து போட வேண்டியவர் விடுப்பில். அவர் வருவதற்குள் கப்பல் போய்விட்டது. இரண்டு, வாடிக்கையாளர் ஆர்டரையே தாமதமாகப் போட்டது. ஒன்று, அவர்கள் ஆலையில் நிஜமாகவே இயந்திரம் நின்றுபோனது. மிச்சம் ஒன்றுக்கு யாருக்கும் காரணம் ஞாபகம் இல்லை.

ஏழு விமானம், ஒரு கையெழுத்துக்காக. பபிள் ராப்பை வைத்து நாங்கள் இரண்டு மணி நேரம் கூட்டம் போட்டோம் என்பதை இங்கே சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பழைய ஓட்டுநர் எழுதியது:

வெட்கம் எதற்கு மேடம். பதிவேட்டைத் திறந்து பார்த்தீர்களே. பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை.

சந்தேகப்பிராணி எழுதியது:

என் பதிவேட்டைத் திறக்க இப்போது எனக்கே பயமாக இருக்கிறது.

ஏற்றுமேடை எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல.

பரிசோதனைக் கையெழுத்துக்கு இரண்டாவது ஆள் நியமித்தாகிவிட்டது. விமானத்தில் அனுப்ப ஒரு படிவம் கொண்டுவந்தேன். தாமதம் எந்தப் பிரிவில் ஆனதோ, அந்தப் பிரிவுத் தலைவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்கு மேலே இரண்டு எண்: விமானத்தில் போனால் எத்தனை கிலோ கார்பன், கப்பலில் என்றால் எத்தனை. ஏழு வாரத்தில் இரண்டே விமானம். மூன்றாவதாக வந்த படிவம் பாதி நிரப்பி அப்படியே என் மேசையில் கிடக்கிறது, யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை.

பெட்டி 400 × 300 ஆகிவிட்டது. பழைய பெட்டி இருப்பு தீரும்வரை இரண்டும் ஓடும். ஃபோமை 10 மி.மீ. குறைத்ததில் ஒரு மாடலுக்கு மட்டும் மூலை நசுங்கியது, அதற்குப் பழைய பெட்டியே.

தினசரி ஆர்டர்தான் இழுபறி. செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாள் மட்டும் அனுப்புகிறோம் என்று கேட்டோம். கொள்முதல் பிரிவு முடியாது என்றது. அவர்களுடைய அந்த நாற்பது கேள்விக் கோப்பில் பதினேழாவதுக்குப் பதிலாக, தினசரிக்கு எத்தனை கிராம், வாரம் இருமுறைக்கு எத்தனை கிராம் என்று எழுதி, "தேர்வு உங்களுடையது" என்று போட்டு அனுப்பினேன். அடுத்த வாரம் கொள்முதல் ஆளும் சுற்றுச்சூழல் ஆளும் ஒரே அழைப்பில் வந்தார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொண்டார்கள்! மூன்று மாதம் சோதனைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அபராதம் இல்லாமல்.

பச்சை இலை அச்சடித்தாகிவிட்டது. அதைத் தடுக்க முடியவில்லை.

சந்தேகப்பிராணி எழுதியது:

அந்த விமானப் படிவத்தை இங்கே போட முடியுமா மேடம்? எங்களுக்கும் ஒன்று வேண்டும்.

ஏற்றுமேடை எழுதியது:

நாளை கிடங்குக்குப் போனதும் நிறுவனப் பெயரை எடுத்துவிட்டுப் போடுகிறேன். அரைப் பக்கம்தான். கையெழுத்துக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக வையுங்கள், சின்னதாக இருந்தால் உதவியாளரை விட்டுப் போடச் சொல்லிவிடுகிறார்கள்.